தையல் போட்டவள் தாண்டமாட்டாள்

மாடி வீட்டு இன்சாஃப் அக்கா முப்பத்தோரு வருடம் பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் வாய்க்கு மட்டும் இன்னும் தெரியாது. ரொட்டிக் கடை வரிசையில் யாராவது முண்டியடித்தால், "முக்காதடி, இன்னும் நேரம் வரல" என்பார். ஒருநாள், மூச்சிரைக்க கேஸ் சிலிண்டர் தூக்கிவந்த ஆளிடம், "மெதுவா மூச்சு விடு, தலை தெரிஞ்சிருச்சு" என்றார். அவன் சிலிண்டரைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடிப்போனான். மூன்று நாள் நாங்கள் அதைச் சுற்றித்தான் ஏறி இறங்கினோம்.

தமன்ஹூர் நகரத்தில் எங்கள் தெருவில், எதிர் வீட்டு ரிஹாமுக்கு ஆபரேஷன் செய்து ஆண் குழந்தையை எடுத்தார்கள். ஏழாம் நாள் விழாவுக்குப் போயிருந்தோம். வழக்கப்படி குழந்தையை ஒரு பெரிய சல்லடையில் கிடத்தித் தரையில் வைத்தாயிற்று. தாய் அதை ஏழு முறை தாண்ட வேண்டும். ரிஹாமோ சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அறையிலிருந்தே வந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் அவள் மாமியார் தவ்லத் மாமியிடம் யார் வாய் கொடுப்பது?

"தாண்டுடி. தாண்டாட்டி புள்ளைக்கு ஆகாது," என்றார் தவ்லத் மாமி.

"தாண்டினா இவளுக்கு ஆகாது. வெளியிலதான் காஞ்சிருக்கு, உள்ள அடுக்கடுக்கா தையல் இருக்கு," என்றார் இன்சாஃப் அக்கா.

"உன் ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் அங்க வச்சுக்க. ஏழுன்னா ஏழுதான்."

"ஏழ நான் குறைக்கச் சொன்னேனா? இவ இருக்கட்டும், புள்ள போகட்டும்."

அக்கா ரிஹாமை நாற்காலியில் உட்காரவைத்து, காலை எதிரே ஒரு முக்காலியில் தூக்கி வைத்தார். காலுக்குக் கீழே குழந்தையோடு சல்லடையைத் தள்ளினார். பேரனை வேறு ஆள் கையில் விட மனமில்லாமல், தவ்லத் மாமியே மறுபக்கம் மண்டிபோட்டுப் பிடித்தார்.

"வந்துட்டான், வந்துட்டான், விடாத, பிடி," என்றார் அக்கா.

"கத்தாதடி, எண்ணிக்கை விட்டுப்போச்சு. மூணா நாலா?"

குழந்தை தூங்கிக்கொண்டே போய்வந்தான். ரிஹாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதீங்கக்கா, இழுக்குது."

"தலகாணிய வயித்தோட அமுக்கிக்கிட்டுச் சிரி," என்று ஒன்றை வீசினார் அக்கா.

ஏழு முடிந்தும் தவ்லத் மாமி தரையிலிருந்து எழவில்லை.

"என் புள்ளைக்குத் தாண்டினப்ப நான் நாலாவது தாண்டல்ல விழுந்தேன். பன்னெண்டு நாள் ரத்தம் நிக்கல. உட்காருன்னு ஒருத்தி சொல்லல," என்றார்.

இன்சாஃப் அக்கா கை கொடுத்து அவரைத் தூக்கிவிட்டார்.

அடுத்து, குழந்தையின் காதருகே பித்தளை உரலை இடித்து, இனி யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் நேரம். உலக்கையை தவ்லத் மாமிதான் எடுத்தார். பாட்டி பேச்சைக் கேள் என்றுதான் சொல்வார் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"உங்கம்மா பேச்சக் கேளுடா," என்று இடித்தார். "நானே சொன்னாலும் அவள எழுப்பாத."