எட்டா, பி-யா?

அந்த மருத்துவமனையில் அவளைப் ‘பெட்டியக்கா’ என்றால்தான் தெரியும். பார்ப்பது ஸ்விட்ச் வேலை; ஆனால் விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. கம்ப்யூட்டர், கேமரா எல்லாவற்றையும் கேபிளால் இணைக்கிற நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டிகள் அவள் பொறுப்பு. நாற்பத்தாறு வயதில் வெள்ளெழுத்து வந்துவிட்டது. கண்ணாடி வாங்கியாயிற்று, ஆனால் கைப்பையை விட்டு வெளியே வராது. போட்டால் வயசானதை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். வீம்புக்கு மருந்து அந்த மருத்துவமனையிலும் இல்லை.

புதுப் பெட்டியை அவள் பச்சைப்பிள்ளை என்பாள். மின்சாரம் வந்ததும் “நான் யாரு?” என்று கேபிள் போகிற இடமெல்லாம் கூவும். டி.எச்.சி.பி. சர்வர், எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த அதன் அடையாள எண்ணைப் பட்டியலில் தேடி, ஒரு முகவரி கொடுத்து, அது செய்யவேண்டியதை எழுதிவைத்த கோப்பு இருக்கிற இடத்தையும் சொல்லும். கோப்பைப் படித்ததும் பெட்டி தானாக வேலையில் இறங்கிவிடும். அந்தப் பட்டியலில் எண்ணைத் தட்டிச் சேர்ப்பது மட்டும் அவள் வேலை.

அன்று காலை ஐந்தாம் மாடிப் பெட்டி புகைந்துபோனது. குறைமாதக் குழந்தைகளின் கேமராக்கள் அதில்தான். புதுசை மாட்டிப் பத்து நிமிடமாகியும் கேமராக்கள் வரவில்லை. இரண்டாம் மாடியிலிருந்து தங்கை போன் செய்தாள். அறுவைசிகிச்சை முடிந்து எழ முடியாமல் கிடப்பவள். பெற்ற மகளை நான்கு நாளாகத் திரையில்தான் பார்க்கிறாள்.

“அக்கா, திரை கருப்பா இருக்கு. பாப்பாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா? மறைக்காதக்கா.”

“அவ நல்லா இருக்கா. என் பெட்டிதான் மக்கர் பண்ணுது.”

“அம்மா விஷயத்துலயும் இப்படித்தானே சொன்ன.”

சொல்லியிருந்தாள்தான். அம்மா போன அன்று, தங்கை வந்து சேரும்வரை நல்லாயிருப்பதாகவே சொல்லியிருந்தாள். போனைக் காதோடு தோளில் இடுக்கிக்கொண்டாள்.

மடிக்கணினியில் சர்வரின் பதிவைத் திறந்தாள். பட்டியலில் இல்லாத ஏதோ ஒரு பெட்டி ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் எண்ணையும் தான் தட்டிய எண்ணையும் மூன்று முறை ஒப்பிட்டாள். “ரெண்டும் ஒண்ணுதானே, அப்புறம் என்ன கேடு?”

பக்கத்தில் நின்ற நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “எங்க ஒண்ணு? இங்க எட்டு, அங்க பி.”

 பெட்டியக்கா கைப்பையில் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். பட்டியலில் எட்டைப் பி ஆக்கினாள். மறுமுறை கூவியபோது பெட்டிக்குப் பதில் கிடைத்தது; பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன.

போட்ட கண்ணாடியோடேயே கை கழுவி, முகக்கவசம் மாட்டி, குழந்தையிடம் போனாள். போன் காதில் இருந்தது.

“தெரியுதுக்கா, கால உதைக்கிறா,” என்று தங்கை அழுதாள். பிறகு, “யாருக்கா அது, கண்ணாடி போட்டுக்கிட்டுக் குனியறது?”

“நான்தான்டி.”

குழந்தையின் முகத்தை அவள் முதல்முறையாகத் தெளிவாகப் பார்த்தாள்.

“நாலு நாளா உன் மூக்குன்னு சொன்னேன்ல? அது குத்துமதிப்பாச் சொன்னது. உன்னோடது இல்லடி. அப்படியே அம்மா மூக்கு.”