மருந்து கிடைக்காத எலிகள்

எண்பதுகளின் நடுவில், தேனியில் இருந்த ஒரு சின்ன மருந்து ஆய்வுக்கூடத்தில் முதுகலைப் பட்டத்துக்கான ஆய்வைச் செய்துகொண்டிருந்தேன். கால்சியம் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கும் மருந்துகளை அப்போது இதய நோயாளிகளுக்குக் கொடுத்துவந்தார்கள். பதற்றத்தால் வரும் வயிற்றுப் புண்ணையும் அவை தடுக்குமா என்று எலிகளில் பார்ப்பது என் வேலை. கூடலூரிலிருந்து தினமும் பஸ். உட்கார இடம் கிடைக்காத நாளில் ஆய்வுக்கூடத்தில் யாரும் என்னிடம் வாய் கொடுக்க மாட்டார்கள்.

முறை எளிதுதான். எலிகளை ஒரு நாள் பட்டினி போட வேண்டும். தண்ணீர் மட்டும் உண்டு. மறுநாள் பாதி எலிகளுக்கு மருந்து ஊசி, மீதிக்கு வெறும் உப்புத்தண்ணீர் ஊசி. பிறகு பலகையில் அசையவிடாமல் கட்டி, இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். அப்புறம் கொன்று, வயிற்றைத் திறந்து புண்களை எண்ண வேண்டும். மருந்துக்கான எலிகளின் வாலில் முதல் நாளே மஞ்சள் மை வைத்துவிடுவேன். எலிகள் மதுரையிலிருந்து வர வேண்டும். என்னிடம் இரண்டு முறைக்குத்தான் இருந்தன. ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று வாரம் இருந்தது.

கூண்டு கழுவ வருசநாட்டுப் பக்கத்து அக்கா ஒருவர் வருவார். எலிகளிடம் பேசிக்கொண்டேதான் வேலை செய்வார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

முதல் முறை வயிறுகளைத் திறந்தேன். மஞ்சள் மை எலிகளில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். மை இல்லாதவற்றில் ஒரு புண்கூட இல்லை. உள்ளே மோர்ச்சோறு இருந்தது.

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. காலையில் தன் தூக்குச்சட்டியிலிருந்து போட்டதாகச் சொன்னார். அதென்ன இவற்றுக்கு மட்டும் என்று எரிந்து விழுந்தேன்.

"அதுகளுக்குத்தான் மருந்து குடுக்குறீகளே சார். இதுகளுக்கு மருந்தும் இல்ல, சோறும் இல்லைன்னா எப்படி?"

என் ஆய்வை மேற்பார்த்த பேராசிரியருக்குத் தெரிந்தால் அன்றைக்கே அக்காவுக்கு வேலை போயிருக்கும். பட்டினி போட நானே மறந்துவிட்டதாகச் சொன்னேன். பெரிய மனசெல்லாம் இல்லை. எலியறையைப் பூட்டாமல் போனது நான்தான். வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுமுறை பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். எல்லாம் நினைத்தபடியே நடந்தது. உப்புத்தண்ணீர் எலிகளின் வயிற்றில் வரிவரியாகப் புண். மருந்து எலிகளில் மிகக் குறைவு. பட்டம் கிடைத்த மாதிரிதான். அந்தச் சந்தோஷத்தில் அக்காவைக் கூப்பிட்டு லென்ஸ் வழியாகக் காட்டினேன். புண் இருந்த வயிறுகளையே வெகுநேரம் பார்த்தார்.

"அன்னைக்கு நான் சோறு போட்டதுகளுக்கு ஒரு புண்ணும் வரலைல்ல சார்? அதையும் எழுதுவீகளா?"

அதை எழுத முடியாது என்றேன். அக்கா செத்த எலிகளை வாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வெளியே போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆய்வேட்டைக் குறித்த நாளில் கொடுத்துவிட்டேன்.