ஏதோ போகுது என்று சொல்லித் தவறவிடப் பார்த்த படிப்பு

யூத்ரெக்ட் நகரத்துச் சனிக்கிழமைச் சந்தையில் என் பிட்டுக் கடைக்குப் பக்கத்தில் சீஸ் விற்பவள் மரைக்கே. வியாபாரம் எப்படி என்று அவளிடம் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள். மழை பெய்தால், "இன்றைக்கு மோசம்." வெயில் எறித்தால், "மிக நல்லது, போன கிழமையைப் போல இரண்டு மடங்கு." அதையும் வாங்க வந்தவர்கள் காதில் விழும்படி சொல்வாள். நெதர்லாந்துக்கு வந்த புதிதில் அதைக் கேட்டால் எனக்குப் பயமாயிருக்கும். இப்படி வாய்விட்டுச் சொன்னால் கண்ணூறு, நாவூறு பட்டுவிடாதா? அவளுக்காக நான்தான் மனதுக்குள் முருகனைக் கூப்பிடுவேன்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு என் பயம் விளங்கும். எங்கள் ஊர் மண்டூரில் அப்பா வாவிக்கு இறால் பிடிக்கப் போய்விட்டு விடியற்காலை வள்ளத்தைக் கரையில் ஏற்றும்போது, நிற்கிறவர்கள் என்ன பட்டது என்று கேட்பார்கள். "கறிக்கு எல்லுப்போல" என்பார். எள்ளளவு என்று அவர் சொன்ன அந்த இறாலைக் கூடையோடு தூக்க இரண்டு பேர் வேண்டும். கேட்டவருக்கும் அது தெரியும். அடுத்த நாள் கேட்டவரின் வள்ளம் நிறைந்து வந்தாலும் அவர் சொல்வதும் அதே பதில்தான். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் ஏமாறவுமில்லை.

கிழமை நாட்களில் பூக்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை, சனிக்கிழமை பிட்டுக் கடை என்று என் காலம் ஓடிக்கொண்டிருந்தது. பிட்டுக்கான சிவப்பரிசி மாவை, எங்கள் வட்டையில் விளைந்த நெல்லிலிருந்து, தம்பியின் மனைவி தவமணி ஆறு பெண்களோடு சேர்ந்து வறுத்து அனுப்புகிறாள். ஓராண்டில் முடிகிற தொழில்முனைவு எம்பிஏ படிப்பைப் பற்றி மரைக்கேதான் சொன்னாள். நான் தட்டுத்தடுமாறிக் கற்றதையும் கற்காததையும் ஒரே வருடத்தில் பிழிந்து ஊட்டிவிடுவார்களாம். வேலையை விடவேண்டும். சனிக்கிழமையும் வகுப்பு. கட்டணத்துக்கு என் சேமிப்பு முழுவதும் போகும். எனக்கு வயது நாற்பத்து மூன்று. இவை எல்லாவற்றுக்கும் மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். தடுத்தது ஒன்றுதான். நான் ஒரு வருடம் கடையைப் பூட்டினால் அந்த ஆறு பெண்களின் அடுப்பு என்னாவது? முதலில் இடம் கிடைக்கட்டும், பிறகு யோசிப்போம் என்று விண்ணப்பித்தேன்.

நேர்முகத்தில் ஒரு பேராசிரியர். நரைத்த தாடி, நல்ல மனிதர். முதல் கேள்வியே, "உங்கள் தொழில் எப்படி இருக்கிறது?"

"ஏதோ போகுது" என்பதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் முகம் இரங்கியது. "நட்டமா?"

"சீச்சீ, அப்படியில்லை. கடவுள் புண்ணியத்தில் இழுபடுகிறது."

அவர் குனிந்து நீளமாக ஏதோ எழுதினார். நான் வெகு பண்பாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பத்து நாளில் கடிதம் வந்தது. இது நிலைபெற்ற தொழில் உள்ளவர்களுக்கான படிப்பு, தடுமாறும் தொழில்களுக்கு மாலைநேர ஆரம்ப வகுப்பு ஒன்று உண்டு, கவலைப்படவேண்டாம், நேர்முகம் பற்றி ஏதும் சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று. எனக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. கடிதத்தை மரைக்கேயிடம் காட்டினேன்.

"உன் பிட்டுக்கு நிற்கிற வரிசை என் கடையை மறைக்கிறது என்று ஒவ்வொரு கிழமையும் நான் சண்டை பிடிக்கிறேன். ஏன் பொய் சொன்னாய்?" என்றாள்.

பொய்யில்லை என்று அவளுக்கு விளக்க முயன்றேன். முடியவில்லை. அப்பாவின் இறாலை சீஸ் விற்பவளுக்கு எப்படி விளக்குவது?

அன்றே தவமணிக்கு அழைத்தேன். மா வேலை எப்படி என்று கேட்டேன்.

"ஏதோ போகுது மச்சாள்."

அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டபோது சுருக்கென்றது. "நாவூறு பட்டா நான் பொறுப்பு. உள்ளதச் சொல்லு" என்றேன்.

"பொறுங்க, கதவச் சாத்திப்போட்டு வாறன்" என்று போனாள். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினாள். "டவுனிலயும் கல்முனையிலயும் கடைக்காரங்க கேட்டுக்கொண்டே இரிக்காங்க. இப்ப பதினாலு பேர் வேலை செய்யிறம். உங்களுக்கு அனுப்புறது அதில எல்லுப்போலதான்."

"ஏன் எனக்கு இதச் சொல்லல்ல?"

"நீங்க மட்டும் சொன்னீங்களா? எப்ப கேட்டாலும் ஏதோ போகுது எண்டுதானே சொன்னீங்க. பாவம், நாம மாவ நிப்பாட்டினா மச்சாள்ர கடை படுத்திரும் எண்டு, டவுனுக்குக் குறைச்சிப்போட்டும் உங்களுக்கு அனுப்பினம்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் அவர்களைத் தாங்குவதாக நினைத்திருந்தேன், அவர்கள் என்னைத் தாங்கியிருக்கிறார்கள். ஒரு வருடம் கடையைப் பூட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"பூட்டிப்போட்டுப் படியுங்க. பெரிய கடைக்காரர் ஒராள் பேப்பர் நீட்டுறார், ஒப்பம் வையுங்க எண்டு. வாசிச்சா ஒண்டும் விளங்குதில்ல. மறுகா இதெல்லாம் வாசிச்சிச் சொல்ல எங்களுக்குத்தானே ஆள் வேணும்."

அந்த ஒரு வருடம் எதற்கு என்பது எனக்கு அப்போதுதான் தெளிந்தது. சந்தைக் கடைக்கு எம்பிஏ வேண்டியதில்லை. வாசிக்க விளங்காத ஒரு தாளில் பதினாலு பேரின் உழைப்பு எழுதப்படப் போகிறது, அதற்கு வேண்டும். இனி இந்தப் படிப்பை விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அன்றே பதில் எழுதி, இன்னொரு முறை பேச இடம் கேட்டேன். கிடைத்தது. "என் தொழில் மிக நன்றாகப் போகிறது. மத்தியானத்துக்கு முன் என் பானை காலி. ஊரில் பதினாலு பெண்கள் வேலை செய்கிறார்கள்" என்று பேராசிரியரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டேன். முதல் முறை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். முன்பின் தெரியாதவரிடம் நல்லதைச் சொல்லிப் பழக்கமில்லை என்றேன். இந்த முறையும் நீளமாக எழுதினார்.

இடம் கிடைத்த செய்தி ஒரு பின்னேரம் மடிக்கணினியில் வந்தது. உடனே உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து, மடிக்கணினியையும் சேர்த்து என் தலையை மூன்று தரம் சுற்றி, சூடான சட்டியில் போட்டேன். கூரையிலிருந்த புகை எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறிக்கொண்டிருந்தபோது, கையில் சீஸோடு மரைக்கே இருமியபடி உள்ளே வந்தாள். என்ன ஆயிற்று என்றாள். "இடம் கிடைத்துவிட்டது. நான் நன்றாகச் செய்தேன்" என்று டச்சில் உரக்கச் சொன்னேன். மேசையில் கிடந்த கைபேசியிலும் அதே நேரம் தவமணி. "என்ன மச்சாள், என்னவாம்?"

துவாயை விசிறியபடியே கைபேசிப் பக்கம் குனிந்து, மெல்லச் சொன்னேன்.

"கறிக்கு எல்லுப்போல."