என் கைமேல் வந்த பழியை ரப்பு நீக்கினான்

வாப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்று டாக்டர் சொன்ன அன்றுகூட நான் அப்படி அழவில்லை, சகோதரிகளே. பெற்ற வாப்பாவைக் கொல்லப் பார்த்தவள் என்று என் கூடப்பிறந்த காக்கா தெருவில் நின்று சொன்னாரே, அன்றுதான் அழுதேன்.

எங்களுக்குக் காயல்பட்டினம். என்னைக் கட்டிய மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார். காக்கா கடையை விட்டு நகர மாட்டார். வாப்பாவை டயாலிசிஸுக்குத் தூத்துக்குடி கொண்டுபோக ஆள் இல்லை. அதனால் நான் கார் ஓட்டப் படித்தேன். வீட்டில் நின்ற பழைய காரிலேயே ஒரு வருடத்துக்கு மேல் கூட்டிப் போனேன். அதில் ஒரு கீறல்கூட விழவில்லை.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு அந்தக் கார் மாறிவிட்டது. நேராகப் பிடித்தால் நேராகப் போகாது. ஒரு பக்கம் சாயும். திருப்பிப் பிடித்தால் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று மறுபக்கம் பாயும். எதிரே உப்பு லாரி வந்தால் கலிமாவைச் சொல்லிக்கொள்வேன். வீடு வந்து சேரும்போது இரண்டு தோளும் கழன்றுபோகும். காக்கா ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். அவர்கள் அலைன்மெண்ட் மட்டும் பார்த்துவிட்டு, வண்டியில் கோளாறு இல்லை, ஓட்டுகிறவர் கைதான் சரியில்லை என்று காக்காவிடம் சொன்னார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வாரமே முக்காணிப் பக்கம் கார் ரோட்டை விட்டு இறங்கி முள்ளுக்குள் போய் நின்றது. வாப்பாவின் நெற்றி இடித்து வீங்கிவிட்டது.

"நீ ஓட்டிக் கிழிச்சது போதும்ளா, சாவியத் தா. வாப்பாவக் கொல்லவா பாக்குத?" என்றார் காக்கா. தெருவே கேட்டது.

மாப்பிள்ளை போனில், "பொம்பளைக்கு எதுக்கு ஸ்டியரிங்குன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. ஓட்டப் படிக்கச் சொன்னதே அவர்தான்.

சாவி காக்கா வீட்டுக்குப் போனது. இனி வாப்பாவை அவர் கூட்டிப் போவதாகப் பேச்சு. முதலில் வாடகைக் கார் பிடித்துப் போனார். பிறகு கடையில் சரக்கு இறங்குகிறது என்று ஒரு முறை விட்டுவிட்டார். மறுநாள் வாப்பாவுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்சில் கொண்டுபோனோம். அதற்கும் ஊரில் என் பேர்தான் அடிபட்டது.

வாப்பா வீடு திரும்பிய பிறகு, ஒரு நாள் மதியம் லுஹர் தொழுகையில், நெற்றி தரையில் பட சஜ்தாவில் கிடந்து கேட்டேன்: "யா ரப்பே, குற்றம் என் கையில் இருந்தால் இந்தக் கையை எடுத்துக்கொள். இல்லையென்றால் எங்கே இருக்கிறதென்று காட்டு." வேறு துஆ வாயில் வரவில்லை.

தொழுகை விரிப்பை மடிக்கவில்லை, வாசலில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. சாவி போனாலும் கார் எங்கள் சந்தில்தான் நின்றது, அது நின்றால் லாரி நுழைய முடியாது. காக்கா கடையில் இருந்தார். அவர் மனைவி, என் மதினி, சாவியோடு ஓடிவந்தார்.

காரை ஸ்டார்ட் பண்ணி ஸ்டியரிங்கைத் திருப்பினேன். கீழே 'டொக்' என்றது. மறுபக்கம் திருப்பினேன். மறுபடியும் 'டொக்'. ஓடும்போது கேட்காத சத்தம் அது.

"மதினி, டயர் திரும்புதா பாருங்க."

"இல்லியே... ஆ, இப்பத்தான் திரும்புது."

லாரிக்கு வழி விட்டு எஞ்சினை அணைத்தேன். மதினியை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தேன்.

"ஏளா, எனக்கு ஓட்டத் தெரியாதே!"

"ஓட்ட வேண்டாம். அங்கனயும் இங்கனயும் லேசா ஆட்டுங்க, போதும்."

புர்காவோடு மண்ணில் படுத்து முன் சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தேன். ஸ்டியரிங்கிலிருந்து வரும் கம்பி சக்கரத்தோடு சேரும் இடத்தில் ஒரு மூட்டு இருக்கிறது. அதன் ரப்பர் உறை கிழிந்து கிடந்தது. மதினி ஆட்ட ஆட்ட, கம்பி துள்ளியது, சக்கரம் அசையவில்லை. விரலை வைத்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த மூட்டு என் விரலில் வந்து தட்டியது. அல்ஹம்துலில்லாஹ் என்று அலறிவிட்டேன். போனில் படம் பிடித்தேன்.

சாவியை மதினி திருப்பி வாங்கவில்லை. "அவர்ட்ட நான் பேசிக்கிடுதேன்" என்று என்னோடு ஏறிக்கொண்டார். பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை நடக்கிற வேகத்தில் உருட்டிப் போனோம். முன்பு பார்த்த இடம் இல்லை, வேறு இடம். மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரை இரண்டு ஓரத்திலும் பிடித்து ஆட்டினார்.

"இந்த மூட்டு, டை ராடு எண்டு, ரெண்டு பக்கமும் போச்சுக்கா. உள்ள ஜாயிண்டும் தேஞ்சிருக்கு. இத மாத்தாம அலைன்மெண்ட் பாத்தா எப்படி நிக்கும்? ரோட்டுல கழண்டிருந்தா ஆளே மிஞ்சாது."

எல்லாவற்றையும் மாற்றி, அதன் பிறகு அலைன்மெண்ட் செய்து தந்தார். கார் சொன்ன பேச்சு கேட்டு வீடு வந்தது.

படத்தைப் பார்த்த காக்கா, "பார்ட்ஸுன்னா தேயத்தான் செய்யும்" என்றார். தான் கண்டுபிடித்து மாற்றியதாகக் கடையில் சொல்லுகிறார் என்று கேள்வி. மாப்பிள்ளை போனில் ஒரு ஸ்டிக்கர் அனுப்பினார். வாப்பா மட்டும், "உன் கையில குத்தமில்லன்னு எனக்குத் தெரியும்ளா" என்றார். அன்றைக்கு ஏன் வாய் திறக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. விட்டுப்போன அந்த ஒரு முறைக்குப் பிறகு அவர் உடம்பு பழையபடி தேறவே இல்லை. இப்போதும் நான்தான் கூட்டிப் போகிறேன்.

சகோதரிகளே, உங்கள் சொல்லை உங்கள் வீடே நம்பாத நாள் வந்தால், படைத்தவனிடம் போய்க் கேளுங்கள். அவன் உங்களைப் பொய்க்காரி என்று சொல்லமாட்டான். கேட்டுவிட்டு எழுந்து, அவன் காட்டுகிற இடத்தில் குனிந்து பாருங்கள். மண் ஒட்டினால் ஒட்டட்டும். நான் முன்பு ஐந்து வேளையும் கடமைக்குத் தொழுதவள். இப்போது பேச ஆள் இருக்கிற இடத்துக்குப் போவது மாதிரி போகிறேன்.

ஒன்று மட்டும் மறைக்க மாட்டேன். காக்காவை மன்னிக்க மனம் தா என்று தினமும் கேட்கிறேன். அது இன்னும் கிடைக்கவில்லை. எனக்காக நீங்களும் கேளுங்கள்.