சுவர் சரிந்த அன்று இலஞ்சியில்

தென்காசியில் கொத்தனாராக இருந்த என் வீட்டுக்காரர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சேர்ந்து துபாய்க்குப் போனார். அந்தக் கம்பெனி அவரை அங்கிருந்து ஒரு தீவுக்கு அனுப்பியது. ஒரு காலத்தில் கடற்படைக் கப்பல்களுக்கு மாவும் எண்ணெயும் கயிறும் ஏற்றிவிட்ட பழைய சரக்குக் கிடங்கு அங்கே இருந்தது. அதை ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். கப்பல்கள் வந்து ஒட்டி நின்ற கல்சுவர் மட்டும் பழையபடியே நிற்கவேண்டும் என்று உத்தரவு. பிதுங்கிய கற்களைக் கழற்றி, எண் போட்டு, அதே இடத்தில் திரும்ப வைக்கவேண்டும். இவரோடு ஜோடியாக வேலை பார்த்தவர் பக்கத்து ஊரான இலஞ்சிக்காரர். அவர் மனைவி என்னை அக்கா என்பாள்.

ஆடி மாதம் ஒரு மதியம் என் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது.

"ஏட்டி, பதறாத. எனக்கு ஒண்ணுமில்ல. சுவரு சரிஞ்சிட்டு. இலஞ்சிக்காரன் காலு கல்லுக்கு அடியில மாட்டிக்கிட்டு. ஆஸ்பத்திரியில சேத்திருக்கு."

"அவங்க வீட்டுக்குச் சொல்லியாச்சா மச்சான்?"

"கம்பெனியில இருந்து கூப்பிடுவாங்க. அந்தப் புள்ள ஒத்தையில இருந்து கேக்கக் கூடாது. நீ நேர்ல போயிரு."

இலஞ்சி பஸ் முழுக்கக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற கூட்டம். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

அவள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா, இங்கன உக்காருங்க" என்று சொல்லி, நான் வாய் திறக்குமுன் போனை நீட்டினாள். காலையில் அவள் வீட்டுக்காரர் அனுப்பிய படம். சுவரின் மேல் நின்று சிரிக்கிறார். கீழே பச்சைக் கடல். "பாத்தீங்களா, கோட்டைமேல ராசா நிக்க மாதிரி நிக்காவ."

அவர் காலடியில் சுவர் வயிறு தள்ளியிருந்தது.

"தங்கச்சி, உசிருக்கு ஒண்ணுமில்ல" என்று தொடங்கி மிச்சத்தையும் சொன்னேன். ஈரமாவுக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "பேசுனாவளா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

அப்போது அவளுடைய போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். "நீங்களே பேசுங்கக்கா" என்று என்னிடம் தந்தாள். ஒரு பெண் இங்கிலீஷில் பொறுமையாகச் சொன்னாள். எனக்கு 'லெக்', 'ரிமூவ்' இரண்டும்தான் விளங்கின. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதே இரண்டு வார்த்தைகள். அதைத் தமிழில் அவளிடம் சொல்லவேண்டியவள் நானாக இருந்தேன்.

மறுநாள் அவள் வீட்டுக்காரரே போனில் பேசினார். "அங்கன சாரல் அடிக்கா?" என்றாராம். "அடிக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் அழுதாள்.

சில மாதங்களில் அவர் செயற்கைக் காலோடு ஊர் வந்தார். என் வீட்டுக்காரரை வேலை முடியும்வரை ஊருக்கு விடவில்லை. சரிந்த கற்களோடு, இலஞ்சிக்காரர் காலில் விழுந்த அந்தக் கல்லையும் அதன் இடத்தில் வைக்கச் சொன்னார்களாம். "நான்தான் வச்சேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

இப்போது அதே கம்பெனி வேறொரு துறைமுகத்துக்கு ஆள் கேட்கிறது. இலஞ்சிக்காரரே வீட்டுக்கு வந்து, "நீ போ லே, நம்ம ரெண்டு பேரும் இங்கன கெடந்து என்ன செய்ய?" என்கிறார். இவர் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிறார். போகச் சொல்வதா வேண்டாம் என்பதா என்று எனக்கும் தெரியவில்லை.