பூனைக்குக் காமாலை வந்த ஆடி மாதம்

என் கணவரைச் சானடோரியத்தில் சேர்த்த சில வாரங்களில் அவருடைய பூனை சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. அவருடைய பூனை என்றுதான் அப்போது சொல்வேன். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காக்ஸ் டவுன் வீட்டில் அவரோடு இருந்தது அது. எனக்குப் பூனை என்றால் சற்று அருவருப்பு. அதற்கும் என்மேல் பெரிய பிரியம் கிடையாது. மூன்று வருஷம் ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கிடாமல் வாழ்ந்தோம்.

அவருக்குக் காசம் என்று தெரிந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், ஓர் ஆனி மாதம். ஆறு மாதமாவது படுக்கையில் இருக்க வேண்டும் என்றார்கள். ஞாயிறு மாலை மட்டும் போய்ப் பார்க்கலாம். ஜட்காவில் ஏறும்போது, "பூனையப் பாத்துக்கோ, சாயங்காலம் என்னைத் தேடும்" என்றார்.

தேடியது. அவர் ஆபீஸிலிருந்து வரும் நேரத்துக்கு வாசல் கதவருகே போய் உட்காரும். இருட்டிய பிறகும் எழாது. எனக்கு என் துக்கமே பெரிதாக இருந்தது. காலையில் முற்றத்தில் பால்சோறு வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். மூன்றாம் வகுப்பு டீச்சர் நான். திரும்பி வரும்போது தட்டு காலியாக இருக்கும். காக்கைகள் தின்றுவிட்டுப் போயிருக்கின்றன என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு சனிக்கிழமை வந்தவள் பூனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அதன் காதை மடக்கிக் காட்டினாள்.

"ஏம்மா, காது உள்ள பாத்தியா? மஞ்சளா இருக்கு. ஈறும் அப்படியேதான். மனுஷனா இருந்தா காமாலைன்னு வார்டுல சேத்திருப்போம்."

"பூனைக்குக் காமாலை வருமாக்கா?"

"அதுக்கும் ஈரல் இருக்குதில்ல."

கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். பசுக்களுக்கும் ஜட்காக் குதிரைகளுக்கும் நடுவே பூனையோடு நின்றவள் நான் ஒருத்திதான். டாக்டர் கன்னடக்காரர், எனக்காகத் தமிழில் பேசினார்.

"எத்தினி நாளா தின்னலேம்மா?"

தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதைத்தான் சொன்னேன்.

"வீட்ல யாராச்சும் ஊருக்குப் போயிருக்காங்களா?"

"இவங்கப்பா..." என்று பூனையைக் காட்டி ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கார்" என்றேன். காசம் என்று வெளியில் சொல்லும் காலமல்ல அது.

"சில பூனை அப்படித்தான். ஏக்கத்துல தின்னாது. தின்னாம கெடந்தா லிவர் கெடும். லிவர் கெட்டா பசியே போயிடும். ஊசி போடறேன், ஆனா மருந்து சோறுதான். ஹொட்டே, அதாம்மா வயிறு, காலியா விடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா, நாளைக்கு அஞ்சாறு தடவை ஊட்டணும். கோழி சூப்பு, ஆட்டு ஈரலை வேகவெச்சு அரைச்சு..."

"நாங்க சைவம், டாக்டர்."

"நீங்க சைவம்மா. பூனை சைவமில்லே."

முதல் மூன்று நாள் அக்காதான் தன் வீட்டில் வேகவைத்து, அரைத்து, வடிகட்டிக் கொடுத்தாள். அப்புறம் அவளுக்கு நைட் டியூட்டி வந்துவிட்டது. பின்கட்டில் தனிக் கரியடுப்பை வைத்து, தனிச் சட்டியில், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நானே ஈரலை வேகவைத்தேன். வெளியே ஆடித் தூறல். நாலைந்து நாளில் அந்த வாடை பழகிப்போனது எனக்கே ஆச்சரியம்.

பேனாவுக்கு மை போடும் ஃபில்லர் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். பூனையைத் துண்டில் சுற்றி மடியில் இடுக்கிக்கொண்டு, கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், அவசரப்பட்டால் புரையேறும். அக்கா கற்றுக்கொடுத்திருந்தாள். ஆனால் பூனைக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பாதியை என் புடவையில் துப்பியது. கைநிறையக் கீறல்களோடு போய்க் கரும்பலகையில் எழுதினேன். தலைமையாசிரியையிடம் வீட்டில் ஒரு நோயாளி என்று சொல்லி, மத்தியான மணி அடித்ததும் ஓடி வந்து ஊட்டிவிட்டு ஓடுவேன்.

இரண்டாவது வாரம் ஒருநாள் குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்துவிட்டுத் துவண்டு கிடந்தது. தூக்கினால் வெறும் துண்டைத் தூக்குவதுபோல் இருந்தது. "நீயும் போயிடாத" என்று அதனிடம் சொன்னேன். அதற்குமுன் அதோடு நான் பேசியதில்லை.

அந்த ஞாயிறு அவர் கேட்டார்: "பூனை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. நேத்து எலி பிடிச்சுது."

"அதுவா? எலியப் பாத்தா அது கட்டிலுக்கு அடியில பூந்துக்குமே."

நான் பையில் எதையோ தேடினேன்.

மூன்றாவது வாரம் காதின் மஞ்சள் கொஞ்சம் வெளுத்தது. ஃபில்லரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் நின்றது. நான்காவது வாரம் ஒரு சாயங்காலம், ஈரலை மசித்துக்கொண்டிருந்தபோது துண்டிலிருந்து தானாக நழுவி வந்தது. கால்கள் நடுங்கின. கிண்ணத்தில் வாயை வைத்து நக்கியது. நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் நக்கியது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணீர் வழிந்ததைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. எங்கே பயந்து நிறுத்திவிடுமோ என்று.

அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். என் கைக் கீறல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"நானும் ஒண்ணு சொல்லணும். தினம் குடுக்கற முட்டையெல்லாம் பக்கத்துக் கட்டிலுக்குப் போயிட்டிருக்கு. பாலும் பாதிநாள். என்னால முடியல. நர்ஸ்கிட்ட சாப்பிட்டேன்னு சொல்லிடறேன்."

அப்போதுதான் அவர் கழுத்தெலும்பைப் பார்த்தேன். இத்தனை ஞாயிறாக எதிரில் உட்கார்ந்து பேசியும் பார்க்கவில்லை.

"ஃபில்லரும் துண்டும் கொண்டு வரட்டுமா?" என்றேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமாயிற்று. மறுவாரம் அதே கரியடுப்பில் முட்டை வேகவைத்து, மிளகுத்தூள் தூவி எடுத்துப் போனேன். கண்ணை மூடிக்கொண்டு பாதியை விழுங்கினார். மீதியை நான் ஊட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தை மாதம் அவர் வீட்டுக்கு வந்தார். உடம்பெல்லாம் மருந்து வாடை. பூனை இரண்டு நாள் தள்ளியே உட்கார்ந்து பார்த்தது. மூன்றாம் நாள் மத்தியானம், அவர் கண்ணயர்ந்திருந்தபோது கட்டிலில் ஏறி அவர் நெஞ்சின்மேல் படுத்தது. நன்றாகச் சதை போட்டிருந்தது. புண்பட்ட நெஞ்சாயிற்றே என்று தூக்கப் போனேன்.

"இருக்கட்டும், விடு" என்றார், கண்ணைத் திறக்காமலே.

நான் கேட்கவில்லை. பூனையின் வயிற்றுக்கு அடியில் கைகொடுத்து, அதன் தூக்கம் கலையாமல் மெல்ல நகர்த்தி, அவர் தொடைமேல் படுக்கவைத்தேன்.