வட்டை எதற்கு என்று கேட்கிறார்கள்

வவுணதீவு பஸ்ஸில் இருந்தபோது கூட வேலை செய்யும் சுபா அழைத்தாள்.

"புது வேர்ஷன இறக்கிட்டன்கா. நம்மட மாற்றங்களோட முட்டிச்சு. முட்டின இடமெல்லாம் நம்மடத விட்டுட்டு அவங்கடதையே எடுத்திட்டன்."

விவசாயிகளுக்குத் தண்ணீர்ச் செய்தி அனுப்பும் அந்த மென்பொருள் வெளிநாட்டுக் குழுவொன்றினுடையது. நிரலை இறக்கி எங்கள் பிரதியில் மாற்றலாம், அவர்களுடைய மூலப் பிரதியில் எழுத முடியாது. மென்பொருள் விவசாயியின் வீடு இருக்கும் ஊரைப் பார்த்துச் செய்தி அனுப்பும். நாங்கள்தான் வயல் இருக்கும் வட்டையை, அதாவது வயல்வெளிப் பகுதியை, பார்க்குமாறு மாற்றியிருந்தோம். இன்று வாய்க்கால் திறக்கிறார்கள். செய்தி மாறிப் போனால், தூரத்து வட்டையில் விதைத்தவர்களுக்குத் தங்கள் முறை வந்ததே தெரியாது.

"அனுப்பாத! பழையதுக்குத் திருப்பு!"

"கத்தாதகா, திருப்பிட்டன். நம்மட மாற்றத்த அவங்களையே சேர்க்கச் சொன்னா என்ன?"

சொல்லிப் பார்த்துவிட்டேன். "விவசாயிகள் வயலிலா வசிக்கிறார்கள்?" என்று பதில் வந்திருக்கிறது.

வீடு ஒரு ஊரிலும் வயல் தூரத்து வட்டையிலும் இருக்கும் என்பதை அடுத்த வேர்ஷன் வருமுன் அவர்களுக்கு விளங்கவைக்கக்கூடியவர்கள், இதை வாசிப்பவர்களில் யாரும் இருக்கிறீர்களா?